தவம் அண்ணையின் ரைபிளும் தேங்காய் எண்ணெயும்

தவம் அண்ணை போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தாள். பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன்... இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

சுவிஸின் வில் நகரத்தில், பிஸ்கட் அடுக்கும் பக்டரியில், ஒரே பெல்ட்டில் எதிரெதிரே நின்றவர்கள் நாங்கள். ஒன்பது மணி ஸ்னூனி இடைவேளையில் ஊர்வம்பு முழுவதையும் நான் சொல்வேன், அவர் தேநீரோடு கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு சொல் வெளியே போகாது. அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம் அதுதான். இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த செய்தியெல்லாம் அவரோடேயே நின்றுவிடும்!

இலங்கைப் பாஸ்போட்டோடு இங்கே துவக்கைத் தொடவே விடமாட்டார்கள். சிவப்புச் சுவிஸ் பாஸ்போட் கிடைத்ததும் மற்றவர்கள் லண்டனுக்கு டிக்கெட் போட, இவர் போய்ச் சுடும் கிளப்பில் சேர்ந்தார்.

ஏன் அண்ணை என்று கேட்டேன். "துவக்கைக் கண்டால் ஓடித்தான் பழக்கம், பிள்ளை. ஒருக்கா ஓடாமல் நிண்டு பாப்பம் எண்டுதான்."

போன வருடம் நரம்பில் வருத்தம் என்றார் டொக்டர். முதலில் கைகளைத்தான் பிடிக்குமாம். வீட்டில் சொல்லாமல் என்னிடம் சொன்னார். வில் நகரத்திலேயே பெரிய வாய் என்னுடையது... அதை மட்டும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒக்டோபரில், சீசனின் கடைசிச் சூட்டுக்கு என்னையும் கூப்பிட்டார். கை எப்படி நிற்கிறது என்று பக்கத்தில் இருந்து ஒருவர் பார்க்க வேண்டுமாம். பல் கிடுகிடுக்கும் குளிரில், கல்யாண வீட்டுக்குப் போவதுபோல் சில்க் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு போனேன்.

கிளப்பின் பழைய ரைபிள் அது. சின்ன ரவை. ஒவ்வொரு சூட்டுக்கும் வெற்றுக் கோதைத் தானே வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். அன்று எறியவில்லை. கோது வெளியேறும் வாசலிலேயே நட்டுக்கொண்டு நின்றது, கூரையில் புகைக்குழாய் நிற்பதுபோல.

துவக்குகளுக்குப் பொறுப்பான வெர்னர் வந்தார். முதலில் குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், விரலை எடு, ரவை அடுக்கிய மகசினைக் கழற்று. கதையெல்லாம் பிறகு என்றார்.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டுமாம். வேறு பெட்டியில் இருந்து ரவை எடுத்துப் போட்டார்கள். திரும்பவும் புகைக்குழாய். மகசினை மாற்றினார்கள். அதே கதை. பிடி தளர்ந்தாலும் இப்படி நடக்குமாம்; இறுக்கித்தான் பிடிக்கிறாயா என்று வெர்னர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

அண்ணையின் முகம் போன போக்கை நான் இங்கே எழுதவில்லை.

"வெர்னரை ஒருக்கா சுட்டுப் பாக்கச் சொல்லு, பிள்ளை. எனக்குக் கேக்க வாய் வருதில்லை."

கேட்டேன். வெர்னர் படுத்தார், சுட்டார்... அவருக்கும் நட்டுக்கொண்டது. ஒரு பழுதைப் பார்த்து அப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ரவை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, உள்ளே முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டைக் கழற்றினால், கோதை இழுக்கும் கொக்கியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ, மெழுகுபோல. வெர்னர் முகர்ந்து பார்த்துவிட்டு, கேக் மணம் என்றார். எனக்கு விளங்கிவிட்டது. தினமும் தலையில் வைப்பதல்லவா!

கதவுப் பிணைச்சல், தையல் மெஷின், கத்தரிக்கோல், அண்ணை வீட்டில் எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான். கிளப் எண்ணெயின் மணம் தலையிடி என்று துவக்குக்கும் அதையே பூசியிருக்கிறார். கோடையில் சோக்காக ஓடியது. குளிர் வந்ததும் உறைந்து, போல்ட்டின் வேகத்தையே பிடித்துவிட்டது.

வெர்னர் சிரித்து முடிக்கவே கனநேரம் எடுத்தது. பிறகு துடைத்து, சரியான எண்ணெய் போட்டுக் கொடுத்தார். அண்ணை சுட்டார். கோதுகள் பறந்தன. ஒன்று சுடச்சுட என் ஸ்கார்ஃபுக்குள் விழுந்தது. நான் ஆடிய ஆட்டத்தை இன்னும் கிளப்பில் கதைக்கிறார்களாம்.

திரும்பி வரும் வழி முழுக்க அண்ணைக்கு ஒரே கதை. தன் கையில் ஒன்றும் இல்லை, எல்லாம் துவக்கின் பிழை என்று. நானும் ஓம் அண்ணை, ஓம் அண்ணை என்றுகொண்டு வந்தேன்.

மாசி மாதம் பார்க்கப் போனபோது கட்டில் விளிம்பில் இருந்தார். சேட்டுப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. பூட்டிவிட்டேன்.

அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்தமுறை துவக்கில பிழை இல்லை, பிள்ளை."

கிரியை விபரம் மகள் அறிவிப்பாள்.

கைகளைக் கொஞ்சம் ஆற விடுங்கோ, அண்ணை.