ஹேசல்நட் வாசனை

பீர் குடிக்க எங்களுக்குத் தெரியாது என்று சொல்வதற்காகவே மெயின்லாண்டிலிருந்து ஒருவர் விமானம் ஏறி வந்தார். சுனாமி முடிந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் வண்டூர் கடற்கரையில் புதிதாகத் திறந்திருந்த ஒரு ரிசார்ட்டில் நான் தினக்கூலிக்கு மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு பரிமாறும் வேலையில் ஒரு தங்கச்சி இருந்தாள். கூடப்பிறந்தவள் இல்லை, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லைன் வீட்டுக்காரி. அலை அடித்த பிறகு போர்ட் பிளேர் முகாமில் எங்கள் இரண்டு குடும்பங்களுக்கும் நடுவே ஒரு சேலைதான் சுவராகத் தொங்கியது.

ரிசார்ட்டில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. பாருக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் சேர்த்து ஒரு கேப்டன். வெள்ளைக்காரர்களுக்கு பீரைப் பற்றி எடுத்துச் சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அந்த வேலை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். கடைசியில் மிஞ்சியது நானும் அவளும். அவள் பிள்ளைகளோடு இன்னும் தகரக் கொட்டகையில் இருந்தாள். நான் வாடகை அறைக்கு மாறியிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களைத் தேர்ந்தெடுக்க வந்த நிபுணர் சென்னைக்காரர். வண்டூர் வெயிலில் கழுத்தைச் சுற்றி ஒரு துணி கட்டியிருந்தார். எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது. என்னை ‘பிரதர்’ என்றார், அவளை ‘சிஸ்டர்’ என்றார், வேறு எந்த வகையிலும் மனிதர்களாக மதிக்கவில்லை. அவர் பறந்து வந்துவிட்டார். அவர் புகழ்ந்து தள்ளிய அமெரிக்கன் ப்ரவுன் ஏல் என்கிற பீர் கப்பலில் வந்தது. கப்பல் தாமதம், இறக்க ஆளில்லை, இறக்கியதும் மழை. கப்பல்துறையில் வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த பெட்டியை நான்தான் ஜீப்பில் ஏற்றி வந்தேன். பாட்டில்கள் தொட்டால் சுட்டன.

விருந்தாளிக்கு மரியாதை என்றால் எங்கள் தீவில் அது ஐஸ்தான். கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், பல் கூசுகிற மாதிரி ஒன்றைக் குடிக்கக் கொடுத்தால் உங்களுக்காகப் பாடுபட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காலையிலேயே மீன்காரரிடம் கெஞ்சி ஐஸ் வாங்கி, பாட்டில்களைக் கழுத்துவரை புதைத்து வைத்தேன். நிபுணர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார்.

“ஐயோ பிரதர், இது என்ன மீனா? ப்ரவுன் ஏலை இப்படியா கொலை பண்ணுவாங்க?”

கிளாஸில் ஊற்றி, சில்லென்று இருக்கும்போதே ஒரு வாய் குடிக்கச் சொன்னார். நிறம் எங்கள் வீட்டில் பால் விடாமல் போடுகிற வெறுந்தேத்தண்ணி. கரிந்த வெல்லத்தின் ருசி, அடியில் ஒரு கசப்பு. பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. அத்தோடு விட்டிருந்தால் எல்லாரும் பிழைத்திருப்போம். ஆனால் குளிரில் வாசனை செத்துவிடுமாம். கிளாஸை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திச் சூடேற்றச் சொன்னார். பிரசாதம் வாங்கியவர்களைப் போல கால் மணி நேரம் நின்றோம். அதுவரை அவர் பாடம் நடத்தினார். இங்கிலீஷ்காரன் செய்வது மென்மை, அமெரிக்கக்காரன் செய்வதில் கசப்பு தூக்கலாக இருக்கும், வறுத்த தானியம், கேரமல், சாக்லேட், எல்லாவற்றுக்கும் மேலே ஹேசல்நட். பிறகு கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து, சாமி வந்தவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, “ஆஹா, ஹேசல்நட்!” என்றார்.

நானும் முகர்ந்தேன். சூடு ஏறியதும் உண்மையான வாசனை எழுந்து வந்திருந்தது. நனைந்த அட்டைப்பெட்டி. முகாமில் நிவாரண பிஸ்கட் மழையில் ஊறிய பெட்டிகளில் வந்தது. மாதக்கணக்கில் காலையும் மாலையும் அதைத்தான் தின்றோம். அந்த வாடையை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அந்த பீர் எப்போதோ கெட்டுப்போயிருந்தது. ஊர் ஊராகப் போய் ருசி கற்றுக்கொடுக்கிற மகானுக்கு அது தெரியவில்லை. அந்த ஆளை அந்த நிமிஷம் நான் புழுவாகப் பார்த்தேன்.

முதலில் அவளைக் கேட்டார். சில்லென்று கொடுத்தபோதும் அவள் அதை வாயில் வைக்கவில்லை.

“நான் குடிக்கிறதில்லைங்க சார். மோந்து பாத்துச் சொல்றேன்.”

நிபுணர் மேனேஜரைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் அவசரப்படாமல் இரண்டு தடவை முகர்ந்தாள்.

“நனஞ்ச அட்டப்பெட்டி வாட சார். கேம்ப்ல பிஸ்கட் இப்புடித்தான் நாறும். இது கெட்டுப்போச்சிங்க.”

நிபுணர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜரும் சிரித்தார். “சரி பிரதர், நீங்க சொல்லுங்க.”

ஹேசல்நட்டை நான் கண்ணால் பார்த்ததில்லை. கொட்டையா பழமா என்றுகூட அன்றைக்குத் தெரியாது.

“ஹேசல்நட் சார்,” என்றேன். “அப்புறம் லேசா சாக்லேட்.”

அவர் என் முதுகில் ஓங்கித் தட்டினார். “பக்கா! இதான் நாக்கு!” நானும் சிரித்துவைத்தேன், அவளைப் பார்க்காமல். நிபுணரை இப்போது நினைத்தாலும் எனக்கு அருவருப்புதான். ஆனால் அவருக்காவது நிஜமாகவே தெரியவில்லை.

சாயங்காலம் கிளாஸ் கழுவுகிற இடத்தில் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கோபமாக இருப்பாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“அண்ணே, ஒங்களுக்கு அந்த வாட வரலியா?”

“வரல,” என்றேன்.

மிச்சமிருந்த ஒரு கிளாஸை எடுத்து இன்னொரு தடவை முகர்ந்தாள். முகம் சுருங்கியது.

“எனக்கு இப்பவும் வருதுண்ணே. கேம்ப்ல கெடந்ததுல எம் மூக்குதான் கெட்டுப்போச்சி போல. புள்ளைங்களுக்கு ஆக்குற சோறுகூட எப்புடி இருக்கோ, பாவம், அதுங்க ஒண்ணும் சொல்றதில்ல.”

உள்ளேயிருந்து மேனேஜர் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு கேப்டன் வேலைக்குக் கையெழுத்துப் போடப் போனேன்.