ரோஸ்லின் அக்காவுக்கு வந்தது டெங்கிதான்

செய்தியை ரோஸ்லின் அக்காவின் அண்ணன் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். என் கண் முதலில் போய் நின்றது கடைசியில் இருந்த சொல்லில்: டெங்கி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் முழுவதையும் படித்தேன். ரோஸ்லின் அக்கா இறந்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு ஏன் வந்தது என்பதை, அவருடைய பள்ளி வேனில் பிள்ளைகளை அனுப்பிய கிள்ளான் ஊர்ப் பெற்றோர்களுக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளியைப் பாதியில் விட்டு வீட்டில் இருந்தபோது நான் சாக முயன்றேன். பிழைத்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் விழித்தபோது தொண்டையில் குழாய் இருந்தது. அதைப் பிடுங்கிவிடாதபடி கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கூரையில் எறும்புகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. எறும்பு எதுவும் இல்லை, மருந்து மயக்கம் என்று பிறகு தாதி சொன்னார். தாகம் மட்டும் உண்மை. குழாயை எடுத்ததும் என் குரல் கரகரத்துப் போயிருந்தது. முன்பே அதிகம் பேசாதவள், அடியோடு நிறுத்திக்கொண்டேன்.

சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா டெங்கிக் காய்ச்சல் என்றார். அவர்கள் போனதும் அடுத்த கட்டிலிலிருந்து என் குரலைப் போலவே கரகரத்த ஒரு குரல் கேட்டது.

"தங்கச்சி, உனக்கும் டெங்கியா? எனக்கும் அதேதான்னு எங்க அண்ணன் சொல்லிட்டு இருக்காரு. கொசு பாவம்லா. செய்யாததெல்லாம் அது தலையில."

சிரித்தேன். தொண்டை வலித்தது. அவர்தான் ரோஸ்லின் அக்கா.

எங்கள் இருவருக்குமே கால்களில் பலம் இல்லை. ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்து பழகினோம். ஒருநாள் எதிர்க்கட்டில்காரரைப் பார்க்க வந்த அம்மாள் எங்கள் காதில் விழும்படியே சொன்னார்: "உண்மையான நோயாளிக்குக் கட்டில் இல்ல. இதுங்க வேணும்னே வந்து படுத்துக்குதுங்க."

ரோஸ்லின் அக்கா நின்றார். "ஆமா ஆன்டி, படுத்தோம். இப்ப எழுந்து நடக்கிறோம். கொஞ்சம் வழி விடுங்க."

வீடு திரும்பிய பிறகு மனநல கிளினிக்குக்கு என்னை அவர்தான் அழைத்துப் போவார். பிள்ளைகளை இறக்கிவிட்டு, பிஸ்கட் தூள் சிந்திய காலி வேனோடு வருவார். மாத்திரையை மறைத்து வைத்திருந்தேன் என்றதும் அதட்டினார்: "வேனுக்கு எண்ணெய் ஊத்தும்போது வெக்கப்படறோமா? எடுத்து வெளிய வை."

அவர் எப்போதும் திடமாக இருந்தார் என்று எழுதினால் பொய். ஒருநாள் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்காமலேயே வேன் வெகுநேரம் நின்றிருந்தது. ஏறினேன். முகம் வீங்கியிருந்தது. "இன்னிக்கு எனக்கு முடியல. நான் ஓட்டுறேன், நீ பேசு," என்றார். ஆஸ்பத்திரி வரை பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அன்று டாக்டரிடம் எனக்கு முன்னால் அவர்தான் போனார்.

ஆஸ்பத்திரியில் ஏன் இருந்தீர்கள் என்று யாராவது நேராகக் கேட்டால் நேராகவே பதில் சொல்லுவார். அதற்காகச் சிலர் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றினார்கள். அவர்கள் வீட்டைத் தாண்டும்போது கையசைத்துவிட்டுத்தான் போவார்.

இறுதிச் சடங்கன்று அவர் வீட்டில் படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். நானும் அம்மாவும் உட்கார்ந்திருந்தோம். எங்கள் பின்வரிசையில், முன்பு வேனை மாற்றியவர்களில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "டெங்கியாம்." அந்த 'யாம்' நீண்டுகொண்டே போனது. "மறுபடியும் அதேதான் போல."

ரோஸ்லின் அக்கா வாழ்வதற்காக எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரியும். அவ்வளவையும் அந்த ஒரு 'யாம்' அழித்துவிடப் பார்த்தது. நான் திரும்புவதைப் பார்த்து அம்மா என் கையைப் பிடித்தார். எங்கள் வீட்டு டெங்கியை அம்மா இன்னும் யாரிடமும் மாற்றிச் சொல்லியிருக்கவில்லை.

"ஆன்டி, அவங்களுக்கு வந்தது டெங்கிதான். கடைசி வரைக்கும் மாத்திரைய விடாம சாப்பிட்டாங்க, வேன் ஓட்டுனாங்க, உயிரோட இருக்கத்தான் ஆசைப்பட்டாங்க. பொய் டெங்கி எனக்கு வந்ததுதான்."

என் கரகரத்த குரல் முன்வரிசை வரை கேட்டிருக்கும். அம்மா கையை எடுக்கவில்லை.

பாட்டு தொடங்கியது. மாதா கோயில் பாட்டு, வரிகள் எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்தவரின் வாயைப் பார்த்துப் பார்த்து, சத்தமாகவே பாடினேன்.