காக்காப் பழமும் எங்கள் காக்காவும்

துபாயில், அல் குசைஸில் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள சூப்பர் மார்க்கெட்டில் போன வாரம் பெட்டி பெட்டியாக அந்தப் பழத்தை அடுக்கி வைத்திருந்தார்கள். வடிவத்தில் தக்காளி, நிறத்தில் ஆரஞ்சு. அட்டையில் அரபியில் 'காக்கா' என்று எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் பெர்சிமன் என்பார்களே, அரபியில் அதற்கு அதுதான் பெயர். நான் நின்ற இடத்திலேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போனாள். அவளுக்கு என்ன தெரியும்! நம் ஊரில் காக்கா என்றால் கறுப்பாகப் பறக்கும். இலங்கை முஸ்லிம் வீடுகளில் காக்கா என்றால் அண்ணன். ஓமானில் ஒரு மலைமேல் நான் நர்சாக இருந்தபோது எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டோம். மட்டக்களப்புப் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் அவருடைய பாஸ்போர்ட்டில் மட்டும்தான் இருந்தது.

கீழே மஸ்கட் வெந்துகொண்டிருக்கும்போது நாங்கள் மலைமேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போவோம். குவார்ட்டர்ஸ் கொல்லையில் ஒரு காக்காப் பழ மரம் நின்றது. குளிர் தொடங்கினால் இலையெல்லாம் கொட்டிவிட்டுக் கிளை ஒடியக் காய்த்துத் தொங்கும். வீட்டுக்கார ஓமானி, எனக்கு வேண்டாம், எல்லாம் உங்களுக்கே என்று கையை உதறிவிட்டார். முதல் வருடம் நான் என் புத்தியைக் காட்டினேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரிக்கு மாங்காய் போடாத மீன்குழம்பு ஒரு குழம்பா? மலையில் மாங்காய்க்கு எங்கே போவது? இந்தக் காயை அரிந்து போட்டேன். ஐயோ, அதை ஏன் கேட்கிறீர்கள்! நாக்கும் அண்ணமும் தொண்டையும் ஒன்றாகச் சேர்ந்து இழுத்துக்கொண்டன. காக்கா மட்டும் மரியாதைக்காக ஒரு வாய் விழுங்கிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

"குழம்பு நல்லாத்தான் இரிக்கி தங்கச்சி. என்ட வாயத்தான் காணல்ல" என்றார்.

கூழாகக் கனிந்த பிறகுதான் அதை வாயில் வைக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் பிறகு சொன்னார். கனிந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் கனியும், அதுதான் தொல்லை. ஏலக்காய் தட்டிப் போட்டு ஜாம் கிண்டினேன். ரவையோடு சேர்த்துக் கேசரி செய்தேன், சர்க்கரையே தேவைப்படவில்லை. பழத்தை முழுசாக ஃப்ரீசரில் வைத்துக் கல்லாக்கி, மேலே வெட்டி ஸ்பூனால் சுரண்டினால் ஐஸ்கிரீம் தோற்றது. பாலில் அடித்தோம், பிரட்டில் தடவினோம், வந்த நோயாளிகளுக்குக் கொடுத்தோம். கடைசியில் எங்களைத் தட்டோடு கண்டாலே டாக்டர் பின்வாசல் வழியாக நழுவ ஆரம்பித்தார்.

காக்கா சிரிக்காத நேரம் வெள்ளிக்கிழமை மதியம்தான். தொழுதுவிட்டு வந்து வண்டிக்குள் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் போடுவார். ஒரே மகள். அவள் கல்யாணத்துக்குக் கொடுத்த லீவைக் கடைசி நேரத்தில் பிடுங்கிவிட்டார்கள், மாற்று டிரைவர் வரவில்லை என்று. நிக்காவை அந்த வண்டிக்குள் இருந்தபடியே போனில் பார்த்தார். அன்றிலிருந்து மகள் அவரோடு பேசவில்லை. "புள்ளக்கிட்டக் கொஞ்சம் குடு" என்பார் மனைவியிடம். போனைக் காதோடு அழுத்திக்கொள்வார். "சரி, சரி, தூங்கட்டும்" என்று வைத்துவிடுவார். பட்டப்பகலில் எந்தப் பிள்ளை தூங்கும்? முகம் தெரியாத அந்தப் பெண்மேல் எனக்கு அப்படிக் கோபம் வரும். யோசித்தால் அவள்மேலும் தப்பில்லை. தகப்பன் இல்லாமல் மணவறையில் உட்கார்ந்தவள் அவள்தானே.

அடுத்த வருடம் லீவு உறுதியானது. காக்கா தங்கம் வாங்கவில்லை, போன் வாங்கவில்லை. கொல்லையில் போய் அண்ணாந்து நின்றார். "இதத்தான் புள்ளைக்குக் கொண்டு போகணும். அவ இத ஒரு நாளும் கண்டிருக்க மாட்டா." பழுத்ததைக் கொண்டுபோனால் கொழும்பு சேருமுன் பெட்டி முழுக்கச் சாறாகிவிடும். நாங்கள் இரண்டு பேரும் கடல் தண்ணீரில் வளர்ந்தவர்கள் அல்லவா, ஒரே நேரத்தில் சொன்னோம்: கருவாடு போட்டுவிட்டால் என்ன?

கெட்டியான காய்களைத் தோல் சீவி, காம்பில் நைலான் நூல் கட்டி வராந்தாவில் வரிசையாகத் தொங்கவிட்டோம். பழக்கதோஷத்தில் நான் உப்பு டப்பாவைத் திறந்துகொண்டு போக, காக்கா ஓடி வந்து மறித்தார். "மீனில்ல தங்கச்சி, பழம் பழம்!" மலைக்காற்று ஈரத்தை உறிஞ்சியது. தினமும் டியூட்டிக்கு முன்னால் ஒவ்வொன்றாக விரலால் மெல்லப் பிடித்துவிடுவார், குழந்தைக்குக் கால் பிடிப்பதுபோல. ஒரு நாள் எல்லாவற்றின்மேலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. பூஞ்சணம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. காக்கா ஒன்றை நக்கிப் பார்த்தார். கண் விரிந்தது. "சீனி!" என்று கத்தினார். பழத்துக்குள் இருந்த இனிப்புதான் வெளியே வந்து படிந்திருந்தது.

அதையெல்லாம் பெட்டியில் அடுக்கிக்கொண்டு அவர் ஊருக்குப் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. அந்தப் பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் இந்த மனுசன் என்ன செய்வார்? அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. லீவு முடியும் வாரத்தில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"மாமி, நான் காக்காட மகள் பேசுறன்."

அவருக்கு நான் தங்கச்சி என்றால் அவளுக்கு நான் மாமிதானே! கணக்குச் சரிதான். ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்காகவே மெசேஜை முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டேன்.

"பழம் நல்லா இரிந்திச்சு மாமி. வாப்பாட லீவ இன்னும் கொஞ்சம் கூட்டித் தர ஏலாதா? நாங்க இப்பதான் பேசத் தொடங்கினம்."

பின்னால், "சும்மா இரி புள்ள, அவங்க என்ன செய்வாங்க" என்று காக்காவின் குரல் உடைந்து கேட்டது.

லீவு கொடுக்க நான் யார்? ஆனாலும் கையுறையைக்கூடக் கழற்றாமல் அதிகாரி அறைக்குப் போனேன். அவர் டிரைவர் இல்லை என்றார், ரூல் இல்லை என்றார், அரபியிலும் ஒரு தடவை 'மாஃபி', கிடையாது என்றார். நான் நகரவில்லை. அந்தப் பிள்ளை இப்போதுதான் அப்பாவோடு பேச ஆரம்பித்திருக்கிறாள் என்று என் அரைகுறை இந்தியில் நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த நோயாளிகளெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். காக்கா இன்னும் ஒரு மாதம் கழித்துத்தான் மலையேறினார்.