இல்லாத லாரிக்கு நான் கிளீனர்

கண்ணை மூடிக்கொண்டு லாரி ஓட்டுகிற மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் அமுக்குவதும் ஒரு வேலைதான். இதற்கு லீவு கிடையாது, சம்பளம் கிடையாது, செய்தேன் என்று காட்ட ஒரு அடையாளமும் கிடையாது. ஏனென்றால் ஓடுகிற லாரியே கிடையாது. உங்கள் வீட்டிலும் ஒருவர் முகத்தில் டப்பாவை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து ஹாரன் அடிக்கச் சொல்கிறார் என்றால், உட்காருங்கள் சகோதரி. உங்களிடம் பேசத்தான் இதை எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த விதம்

என் வீட்டுக்காரர் லாரிக்காரர். நாமக்கல்லில் இதைச் சொன்னால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். இரண்டு டிரெய்லர் சொந்தமாக வைத்துக்கொண்டு, அதில் ஒன்றை எந்த டிரைவரையும் நம்பாமல் தானே ஓட்டியவர். முதுகில் ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதத்துக்கு எந்த வண்டியின் ஸ்டீரிங்கையும் தொடக்கூடாது என்று சொல்லி, இடுப்புக்கு ஒரு அகல பெல்ட்டும் மாட்டி அனுப்பினார் சேலத்து டாக்டர். ஷெட்டில் கார் நிற்கிறது. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. பிறந்த ஊரான ஆட்டையாம்பட்டிக்குப் போனால் தம்பியின் காரை நான்தான் ஓட்டுவேன். "சாவியக் குடுங்க, நான் ஓட்டறேன்" என்று கேட்டேன். "ஆட்டையாம்பட்டி ரோடு வேற, பைபாஸ் வேற" என்று சொல்லிவிட்டு, கார் சாவியை அந்த இடுப்பு பெல்ட்டுக்குள்ளேயே செருகிக்கொண்டார். மாதா மாதம் செக்கப்புக்குச் சேலம் போக ஆக்டிங் டிரைவர் வருவார். மற்றபடி கார் ஷெட்டில் தூங்கும், நான் பஸ்ஸில் தொங்குவேன்.

அப்பா ஊட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறாரே என்று பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் பாவப்பட்டு, கண்ணை முழுக்க மூடி உள்ளேயே படம் காட்டுகிற வி.ஆர். ஹெட்செட் ஒன்றை வாங்கி வந்தான். நாள் முழுக்க அவருக்கு மூன்று வேளை சோறும் மாத்திரையும் எடுத்து வைக்கிற எனக்காகப் பாவப்பட்டு என்ன வாங்கி வந்தான் என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டரில் எல்லோரும் ஆடுகிற சாதாரண லாரி கேம்தான். நடுவில் ஏதோ ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு அதை ஹெட்செட்டுக்குள் தெரிய வைத்தான். திருப்புவதற்கும் வேகத்துக்கும் கையில் ஒரு கன்ட்ரோலர். ஹாரன், லைட், வைப்பர், டிரெய்லர் கொக்கி எல்லாம் கீபோர்டில். ஹெட்செட்டை மாட்டினால் கீபோர்டு தெரியாது. அப்பாவும் மகனும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கான்வென்ட் முடித்த கையோடு டைப்ரைட்டிங் படித்தவள் நான், பார்க்காமலே அடிப்பேன். கீபோர்டை என் மடியில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "நீ ஹையர் பாஸ் பண்ணுனதுக்கு இருவத்தாறு வருசங் கழிச்சு இப்பத்தான் ஒரு பிரயோசனம் வந்திருக்குது."

தலை எங்கே?

முதல் வாரம் முழுக்க அவருக்குத் தலைசுற்றல், எனக்கு வாந்தி வாளி. முகத்துக்கு நேராக டேபிள் ஃபேனை வைத்தால் சுற்றாது என்று மகன் போனில் சொன்னான், வைத்தேன். அதன் பிறகு வேறு வம்பு. ஹெட்செட்டுக்காகச் செய்த கேம் இல்லை என்பதால், ஓட்டுகிறவரின் தலை எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரிவதில்லை. ஒரு நாள் இவர் லாரிக்கு மேலே கூரையில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு நாள் கேபின் தரைக்குள் கழுத்துவரை புதைந்திருந்தார். மெனு முதுகுக்குப் பின்னால் போய்த் தொங்கியது. அதைப் பார்க்க ஆபரேஷன் ஆன முதுகைத் திருப்பப் போனார். நான் ஓடிப்போய் நாற்காலியோடு சேர்த்து அவரை அம்மிக்கல் மாதிரி தள்ளித் திருப்பினேன்.

கோபத்தில் மகனுக்குப் போன் போட்டேன். அவன் ஆபீஸ் குரலில், "ஒண்ணுமில்லம்மா, அப்பா தலைய நேரா வெச்சுக்கிட்டு உக்காரட்டும். நீங்க ஒரே ஒரு பட்டன அமுக்குனா அவரு எங்க இருக்கணுமோ அங்க வந்துருவாரு" என்றான். நான் சொன்னேன்: "அந்தப் பட்டனத்தான் சாமி, கல்யாணமான நாள்லயிருந்து நானுந் தேடிட்டிருக்கறேன்."

முருங்கைக்கீரை

குக்கர் மூன்று விசில் விட்டது. எழுந்து போக வேண்டும். மடியில் கீபோர்டு, கையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தட்டு. கீபோர்டை ஸ்டூலில் வைத்தேன், அவசரத்தில் தட்டை அதன் மேலேயே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். நான்கு எட்டு வைப்பதற்குள் ஹாலிலிருந்து ஹாரன் விடாமல் அலறியது. வெயிலில் வைப்பர் ஓடியது. நடு ரோட்டில் டிரெய்லர் கழன்று நிற்க, லாரியின் தலை மட்டும் தனியாக ஓடிப்போய் சிக்னலைத் தாண்டியது. அத்தனையும் முருங்கைக்கீரை செய்த வேலை.

எந்த நாடென்றே தெரியாத ரோட்டில், இல்லாத போலீஸ் போட்ட ஃபைனுக்கு என் வீட்டுக்காரருக்கு வந்த ஆத்திரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு உண்மையாகவே தீய்ந்துபோன பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹெட்செட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசம் ரோட்ல ஓடி ஒரு கேஸ் இல்லாத மனுசன் நானு. உன்னய நம்பி உக்காந்தேன் பாரு, இன்னிக்கு ரெண்டு ஃபைன். இதுல உனக்குக் கார் சாவி வேற."

ஆயுத பூஜை

அவருடைய அக்கா, எனக்கு நங்கை, பூஜைக்கு ராசிபுரத்திலிருந்து வந்திருந்தார். எங்கள் பக்கம் ஆயுத பூஜை என்றால் ஓடுகிறது, உருளுகிறது எதையும் விட மாட்டார்கள். இரண்டு டிரெய்லர், கார், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார், மிக்ஸி வரை சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. ஹால் மேசையில் ஹெட்செட் இருந்தது. தன் தம்பி இப்போது ஓட்டுவது இதைத்தான் என்று நங்கைக்குத் தெரியும். அதன் முகப்பில் நான்கு சின்னக் கேமராக்கள் உண்டு, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறை சுவரைப் பார்த்துக் கண்டுபிடிப்பவை. பொட்டு வைக்க வாகாக நான்கு வட்டம் இருக்கிறதே என்று நங்கை சரியாக நான்கிலும் வைத்துவிட்டார்.

மாலையில் என் வீட்டுக்காரர் அதை மாட்டினார். லாரி ரோட்டை விட்டு எழும்பி வானத்துக்குப் போக ஆரம்பித்தது. "அமுக்கு, அமுக்கு" என்கிறார். எதை அமுக்க? மேலே போகிற லாரியை இறக்க கீபோர்டில் பொத்தான் இல்லை. காது குடையும் பஞ்சை வைத்துக் குங்குமத்தைத் துடைக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அதற்கும் முன்பே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. காலையில் காரின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நசுக்குவதற்கு இரண்டடி முன்னால் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அந்த இரண்டடிக்கு ஆக்டிங் டிரைவரை வரவழைத்து, பெல்ட்டிலிருந்து சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தார், திரும்ப வாங்கிச் செருகிக்கொண்டார். நான் தேங்காய்த் தட்டோடு நின்றேன். அதெல்லாம் நங்கை கண்ணில் படவில்லை. சாயங்காலம் நான் பஞ்சும் கையுமாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சொன்னார்: "ஏம் புள்ள, எத்தனை லாரிக்குப் பொட்டு வெச்சிருக்கறேன், ஒண்ணாவது இப்பிடி மேல போயிருக்குதா? பொட்டுத் தாங்காததெல்லாம் ஒரு வண்டியா?"

வரட்டும், வரட்டும்

டிரெய்லரை ரிவர்ஸ் எடுத்துக் குடோனுக்குள் விடுவதுதான் அந்த கேமில் கடைசி வேலை. ஹெட்செட்டுக்குள் பக்கக் கண்ணாடி மசமசவென்று இருக்கிறதாம். மானிட்டரைப் பார்த்து நான்தான் குரல் கொடுக்க வேண்டும். முதலில் மரியாதையாகச் சொன்னேன். "இப்பிடி ஸ்கூல்ல பிரேயர் சொல்றாப்ல சொன்னா எந்த லாரி வரும்?" என்று கேட்டார். கான்வென்ட்டில் சத்தம் போட்டுப் பேசினால் முழங்கால் போட வைத்த சிஸ்டர்களை மனதில் நினைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து ஆரம்பித்தேன். "வரட்டும்... வரட்டும்... லெஃப்ட்ல ஒடிச்சு வரட்டும்... இன்னும் வரட்டும்..."

ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். அங்கே ஜல்லி இறக்க ஒரு லாரி தெருவில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிரைவர் தனியாள், கிளீனர் இல்லை. யாரோ புண்ணியவதி பின்னால் நின்று சொல்கிறாள் என்று நம்பி அந்த மனிதர் வந்துகொண்டே இருந்தார். நான் "வரட்டும்" என்றேன், எங்கள் கேட் தூண் விழுந்தது. என் வீட்டுக்காரர் ஹெட்செட்டைக் கழற்றாமலே, "சத்தம் தத்ரூபமா இருக்குது" என்றார்.

நான் வெளியே ஓடினேன். திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் முன்பின் தெரியாத ஒரு ஆள் என் குரலை நம்பி பத்துச் சக்கர லாரியை ஒப்படைத்திருக்கிறார். என் வீட்டில் இருக்கிறவர் ஒரு காரை என்னிடம் தர மாட்டேன் என்கிறார். யாரைத் திட்டுவது என்று ஒரு நிமிடம் குழப்பமாகிவிட்டது. அந்த டிரைவர் இறங்கி வந்து, தூணையும் பார்த்து, என்னையும் பார்த்துச் சொன்னார்: "கொரலு அத்தனை தெளிவா இருந்துச்சுங்க அக்கா. எங்க கிளீனரு கூட இப்பிடி சொன்னதில்லீங்க. நானு சைடு கண்ணாடியே பாக்கலீங்க."

ஆக்டிங் டிரைவர் வராத காலை

கடைசி செக்கப். பத்தரைக்கு சேலத்தில் இருக்க வேண்டும். இதை விட்டால் டாக்டர் மூன்று வாரம் ஊரில் இல்லை. எட்டு மணிக்கு ஆக்டிங் டிரைவர் போன் செய்தார், மகளுக்குக் காய்ச்சலாம், வர முடியாதாம். இவரிடம் சொன்னேன். ஹெட்செட்டுக்குள்ளிருந்தே, "அப்ப அடுத்த மாசம் பாத்துக்கலாம். டி பட்டன அமுக்கு, டிரெய்லர மாட்டோணும்" என்றார்.

ராத்திரியெல்லாம் கால் மரத்துப் போகிறது என்று எழுப்பி எழுப்பித் தேய்க்கச் சொன்னவர் இவர்தான். அந்த மரப்பு எதனால் என்று கேட்கத்தான் இந்த செக்கப்பே. கீபோர்டைக் கீழே வைத்தேன். குனிந்து அவர் இடுப்பு பெல்ட்டில் கை விட்டுச் சாவியை உருவினேன். "என்ன பண்ற?" என்றார். "பெல்ட்டு நழுவுது, சரி பண்றேன்" என்றேன். டப்பாவுக்குள் எந்த ஊர் ரோடோ அவருக்குத் தெரிந்தது, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்ற நான் தெரியவில்லை. ஷெட்டுக்குப் போய் காரை ஸ்டார்ட் செய்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, திரும்பி வந்து அந்த ஹெட்செட்டைத் தலையிலிருந்து கழற்றினேன். "பைல் எடுத்தாச்சு, தண்ணி எடுத்தாச்சு. ஏறுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். செருப்பை மாட்டினார்.

பைபாஸில் ஏறியதிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் பயந்தார். இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்துக்கொண்டே வந்தார். "லாரி வருது", "பஸ் வருது", "கொஞ்சம் அடங்கி வா" என்று வாய் ஓயவில்லை. நான் எழுபதைத் தாண்டவில்லை. புதுச்சத்திரம் தாண்டியதும் சத்தம் குறைந்தது. மல்லூரில் திரும்பிப் பார்த்தால் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருக்கிறார். இருபத்தாறு வருடத்தில் அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் இந்த மனிதர் கண் மூடி நான் பார்த்ததில்லை. அந்தப் பத்து கிலோமீட்டர் எனக்குக் கோபமே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் காலைத் தட்டிப் பார்த்தார், மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். நரம்பு வீக்கம்தான், மாத்திரையில் சரியாகிவிடும், நேரத்துக்கு வந்ததால் தப்பித்தீர்கள் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இன்னும் இரண்டு மாதம் ஸ்டீரிங் பக்கமே போகக்கூடாது என்று எழுதிவிட்டு, "சரி, இன்னிக்கு யாரு வண்டி ஓட்டிட்டு வந்தது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்: "நான்தானுங்க சார். ஸ்டீரிங்க மட்டும் இவகிட்டக் குடுத்திருந்தேன்."

ஆக, எங்கள் வீட்டில் லாரி, கார் இரண்டையும் இன்றைக்கும் அவரேதான் ஓட்டுகிறார். கீ அமுக்குவதும், கியர் மாற்றுவதும், சாவியைப் பத்திரமாக என் ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொள்வதும் மட்டும்தான் நான்.