தற்குறிப்பேற்றத்தில் முதல் பரிசு

என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஒரே முதல் பரிசு அணி இலக்கணத்துக்கு. சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பதால் வெளியே சொல்வதில்லை. அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. தெருவுக்கு ஒரு செல்போன் வந்திருந்த காலம்.

சிவகாசிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் பள்ளியில் தமிழ் மன்றப் போட்டி. சீட்டில் எந்த அணி வருகிறதோ அதற்குச் சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு எழுதி மேடையில் படிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளது செல்லாது. வருடா வருடம் பரிசை அள்ளிக்கொண்டு போகும் அச்சக முதலாளி மகளுக்கு உவமை வந்தது. நிலா, முகம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாம். எனக்கு வந்தது தற்குறிப்பேற்றம். இயல்பாக நடக்கும் ஒன்றுக்குக் கவிஞர் தானாக ஒரு காரணம் கற்பிப்பது என்று மனப்பாடமாகத் தெரியும். கற்பிக்கத்தான் தெரியாது. ஒரு தடவையாவது அவளை ஜெயிக்க வேண்டும் என்று மாரியம்மனுக்குத் தேங்காய் வேறு நேர்ந்திருந்தேன். பேந்தப் பேந்த விழித்தேன்.

அப்போதுதான் சித்தி ஞாபகம் வந்தது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை அவளுக்கு. தீபாவளி சீசன். ஆனாலும் முந்தின நாள் மத்தியானமே கம்பெனி வேனில் திரும்பிவிட்டாள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு, "வானமே டார்ச் லைட் அடிச்சு வெளிய வாங்கடின்னு கூப்பிடுது. போகாம இருந்தா மரியாதையா இருக்குமாக்கா?" என்றாள். வீடே சிரித்தது. அதை அப்படியே செந்தமிழாக்கினேன். அவளைக் கேட்கவில்லை. திருட்டுதான்.

மருந்தறைப் பெண்களே வெளியே வாருங்கள் என்று வானம் மின்னல் விளக்கேற்றி அழைத்ததாக மேடையில் படித்தேன்.

மதுரையிலிருந்து வந்திருந்த நடுவர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். மின்னலைக் கண்டால் மனிதர்கள் உள்ளேதானே ஓடுவார்கள், அது எப்படி வெளியே வரச்சொல்லி அழைக்கும், கற்பனைக்கும் ஒரு பொருத்தம் வேண்டாமா என்றார். அச்சக முதலாளி மகள் பரிசு வாங்க எழுவதற்குத் தோதாக நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், மின்னுனா மருந்து ரூம்ல ஒருத்தரும் இருக்கக் கூடாது சார். இடி விழுந்தா மருந்து பத்திக்கிரும். வேலைய நிப்பாட்டி வெளிய அனுப்பிருவாக."

"எங்கம்மாவும் நேத்து வெள்ளனமே வந்துருச்சு சார்" என்றாள் இன்னொருத்தி. பிறகு அத்தை, அக்கா, மதினி என்று ஆளாளுக்கு எழுந்து சாட்சி சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மின்னல் என்றால் அம்மா சீக்கிரம் வீட்டுக்கு வரும் நாள். அது எந்த இலக்கண நூலில் இருக்கிறது, பாவம் அவருக்குத் தெரிய? ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் முதலில் கைதட்டியவர் அவர்தான்.

பரிசு ஒரு டைரி. அந்த வருடத்தில் எட்டு மாதம் ஏற்கெனவே முடிந்திருந்தது. அதனால் என்ன? தெரு முழுக்கக் காட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

சித்தியிடம் திருட்டை ஒப்புக்கொண்டு படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி படிக்க வைத்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு, "அது கூப்பிடையில என் காலு எங்கிட்ட இருக்காதுடி" என்றாள், சாதாரணமாக.

அடுத்த வருடப் போட்டிக்கும் ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரே குஷி. மறப்பதற்குள் டைரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, அது என்ன அணி என்று இலக்கணப் புத்தகத்தைப் புரட்ட உட்கார்ந்தேன்.