நிலாத் தட்டு எரிந்த பின்னேரம்

வேப்பம் பலகையின் கசப்பு மணமும், வாவிச் சேற்றின் உப்பு மணமும், பூச்சி உருண்டையின் நெடியும் கலந்த ஒரு வாசனை இருக்கிறது. அது எங்காவது மூக்கில் பட்டால் எனக்கு முதலில் மகிழ்ச்சி வருகிறது, அடுத்த மூச்சிலேயே கோபம் வருகிறது. எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் வாசிகசாலை அப்படித்தான் மணந்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வீதியில், குருக்கள்மடத்துக்குக் கொஞ்சம் அப்பால், மேற்கே வாவிப் பக்கம் இறங்கினால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. சண்டை ஓய்ந்த பிறகு வாசிகசாலைக்குப் புதிதாக ஓடு போட்டார்கள். யாரோ எங்கிருந்தோ பழைய புத்தகங்களைச் சாக்குச் சாக்காக அனுப்பினார்கள். தச்சுவேலை செய்யும் என் அப்பா கூலி வாங்காமல் புத்தகத் தட்டுகள் அடித்துக் கொடுத்தார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

அந்தச் சாக்குகளைப் பிரித்துத் தூசி தட்டி ஒழுங்குபடுத்தியவர் கோமளாக்கா. உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி காணாமல் வீட்டோடு நின்றவர். சம்பளம் எதுவும் இல்லாமல் பின்னேரங்களில் வந்து வாசிகசாலையைத் திறப்பார். பௌர்ணமிதோறும் வரும் போயா விடுமுறைக்குக்கூடப் பூட்டமாட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம், "போயாவெண்டா புத்தகத்துக்கும் லீவா?" என்று சிரிப்பார்.

ஒரு நாள் நான் அவரிடம் போய், "அக்கா, நிலாவப் பத்தி ஒரு புத்தகம் தாங்க" என்று கேட்டேன்.

"எந்த நிலா புள்ள?"

எனக்கு எரிச்சலாக இருந்தது. "ஒரு நிலாதானே இரிக்கி."

"அப்பிடியா? நில்லு, வாறன்" என்று சொல்லிவிட்டு அவர் தட்டுத் தட்டாகத் தேடத் தொடங்கினார். கதைப் பகுதியில் இருந்து இரண்டு, விஞ்ஞானத்தில் இருந்து ஒன்று, கவிதையில் இருந்து ஒன்று, இன்னும் வேறு தட்டுகளில் இருந்தும் என்று அவர் உருவிக்கொண்டு வந்து மேசையில் வைத்த குவியல் என் நெஞ்சளவு உயர்ந்தது. அன்று பின்னேரமே ஒரு தட்டைக் காலியாக்கி, அவற்றையெல்லாம் அதில் அடுக்கி, பலகை விளிம்பில் வெண்கட்டியால் "நிலா" என்று எழுதினார். நாங்கள் அதை "நிலாத் தட்டு" என்றே சொன்னோம்.

அந்தத் தட்டில் என்னதான் இருக்கவில்லை! அட்டை கிழிந்த குழந்தைப் பாட்டுப் புத்தகத்தில் நிலா சோறு உண்ண வந்தது. சாம்பல் நிறப் படங்கள் நிறைந்த மொழிபெயர்ப்பு விஞ்ஞான நூலில் அது காற்றும் தண்ணீரும் இல்லாத கல்லாகக் கிடந்தது. அந்தப் புழுதியில் பதிந்த சப்பாத்துத் தடத்தை நான் விரலால் தடவித் தடவி அந்தப் பக்கமே மங்கிவிட்டது. பழைய கவிதைத் தொகுப்பு ஒன்றில் அது பிரிந்து போனவனைச் சுட்டது. மூலிகை வைத்திய நூலில் எந்தப் பிறையில் எந்த வேரைத் தோண்டலாம் என்று கட்டளையிட்டது. மீன்பிடிக்காரருக்காக அச்சிட்ட மெல்லிய கைநூலில் இறாலையும் நீரோட்டத்தையும் ஆட்டி வைத்தது. எங்கள் வாவி மீன்கள் பௌர்ணமிக்குப் பாடும் என்று உருகி உருகி எழுதிய சுற்றுலாப் புத்தகமும் இருந்தது. அதை என் சிநேகிதி சுதா தன் தகப்பனுக்கு வாசித்துக் காட்டியபோது, வாவியில் வலை போட்டே வயதான அந்த மனிதர், "நிலவு காலத்தில இறாலே படாது, இதுக்குள்ள பாட்டுமா?" என்று கேட்டாராம். காதல் நாவல் ஒன்றும், பேய்க்கதை ஒன்றும் அந்தத் தட்டின் ஓரத்தில் இருந்தன. நாங்கள் அதிகம் சண்டை பிடித்தது அந்த இரண்டுக்கும்தான்.

கோமளாக்கா எங்களை ஒரே பின்னேரத்தில் இரண்டு மூன்று புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் செய்வார். அப்படி வாசித்தபோதுதான் பேய்க்கதையில் அமாவாசை இரவன்று நிலா வெளிச்சத்தில் பேய் நடந்து வருவதைச் சுதா கண்டுபிடித்துக் கத்தினாள். காதல் நாவலில் திங்கட்கிழமை முழு நிலவைப் பார்த்து அழுத பெண், அதே வாரம் முடிவதற்குள் மூன்றாம் பிறையைப் பார்த்தும் அழுதாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அச்சில் வந்தது பிழையாகவும் இருக்கலாம் என்பதை அதற்கு முன் எங்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் கோமளாக்கா அந்தப் புத்தகங்களைக் கீழே தள்ளவில்லை. "பிழையத்தான் கண்டிட்டீங்களே, மறுகா என்ன? ஏன் அழுறாள் எண்டு பாருங்க" என்றார்.

பிறை எப்படி வருகிறது என்று நான் கேட்டபோது அவர் விஞ்ஞான நூலை என் கையில் தரவில்லை. எலுமிச்சை உருண்டையான ஒரு தேசிக்காயைத் தந்து வெளியே கூட்டிப் போனார். வெயில் சாயத் தொடங்கிய நேரம். மேற்கே வாவிக்கு மேல் சூரியன். கிழக்குப் பக்கம் தென்னைகளுக்கு மேல் வெளிறிய அரை நிலா. கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் தேசிக்காயைப் பிடிக்கச் சொன்னார். நிலாவில் எந்தப் பாதி வெளிச்சமாக இருந்ததோ, தேசிக்காயிலும் அதே பாதி வெளிச்சமாக இருந்தது. அதன் பிறகுதான் புத்தகத்தை விரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினார். என் உடம்பு சிலிர்த்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனைக்கு வகுப்பு நடத்தியவர்தான் சனசமூக நிலையத்தின் தலைவரும். ஊர் முழுக்க அவரைச் "சேர்" என்றே அழைத்தது. ஒரு நாள் சுற்றாடல் பாடத்தில் அவர், பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று கரும்பலகையில் எழுதினார். நான் எழும்பினேன்.

"சேர், நேத்துப் பின்னேரம் சூரியனும் நிலாவும் ரெண்டும் வானத்தில நிண்டிச்சு. ஆளுக்கொரு பக்கம். பூமிட நிழல் எப்பிடி நிலாவில விழும்?"

சேர் முதலில் சிரித்தார். "எங்க படிச்ச?"

"வாசிகசாலையில. நிலாத் தட்டில."

அவர் பிரம்பை எடுத்தார். அடி வலித்தது; அதைவிட, வகுப்பு முடியும்வரை வெளியே கொதிக்கும் மணலில் என்னை முழங்காலில் வைத்ததும், போகிற வருகிற ஆட்களிடம் "இவ விஞ்ஞானி" என்று காட்டியதும் வலித்தது. நான் கேட்டதற்காக ஒரு நாளும் வருந்தியதில்லை. என் கேள்வி சரி. அவருக்கும் அது தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரியாதவன் கோபப்பட்டிருந்தால் ஓரளவுக்குப் பொறுத்திருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நிருவாகசபைக் கூட்டம் நடந்தது. நானும் சுதாவும் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். என் அப்பா சபை உறுப்பினர். பின்வரிசை வாங்குப் பலகையில் இருந்தார். சேர் எழும்பி, பிள்ளைகள் சோதனை எடுக்கிற வயதில் பேய்க்கதையும் காதல் கதையும் வாசித்துக் கெட்டுப் போகிறார்கள், பெரியவர்களை எதிர்த்துக் கதைக்கிறார்கள், வாசிகசாலைக்குத் தேவை கடந்தகால வினாத்தாள்கள்தான், பூச்சி அரித்த குப்பைகள் அல்ல என்றார்.

கோமளாக்கா எழும்பினார். "சேர், புத்தகத்தில பிழை இருந்தாச் சொல்லுங்க, நான் அந்தப் புத்தகத்த எடுத்துப் போடுறன். சரியாச் சொன்ன புத்தகத்தையும் ஏன் தூக்கிறீங்க?"

"நீ கம்பஸுக்குப் போகல்ல. நீ எனக்குப் படிப்பிக்க வாறியா?" என்றார் சேர். சிலர் சிரித்தார்கள். பிறகு அவர் நிலாத் தட்டுப் புத்தகங்களை அழிக்கச் சம்மதமானவர்களைக் கையுயர்த்தச் சொன்னார்.

கைகள் உயர்ந்தன. கோமளாக்கா திரும்பி என் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்தபடி கையை உயர்த்தினார்.

மறுநாள் பின்னேரம் வாசிகசாலைக்குப் பின்னால், தென்னோலைக் குவியலின் மேல் நிலாத் தட்டைக் கொட்டினார்கள். வாவி ஈரம் ஊறிய புத்தகங்கள் லேசில் பற்றவில்லை; மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். கோமளாக்கா குனிந்து இரண்டு புத்தகங்களை இழுத்தெடுத்தார். சபை உறுப்பினர் ஒருவர் அவர் கையிலிருந்து பறித்துத் திரும்பவும் எறிந்தார். அப்போது கோமளாக்கா தன் இடுப்பில் செருகியிருந்த வாசிகசாலைத் திறப்புச் சாவியை எடுத்துச் சேரின் காலடியில் வீசினார். "இனி நீங்களே பூட்டி வைங்க" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். அழவில்லை. நான்தான் அழுதேன்.

வடக்கே ஒரு பெரிய தமிழ் நூலகத்தை வெளியார் வந்து எரித்த கதையை மேடை போட்டுச் சொல்லிக் குரல் தழுதழுக்கும் இனம் நாங்கள். அந்தக் கதையைச் சேரே வகுப்பில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார், கண் கலங்க. அன்று எங்கள் ஊருக்குள் வெளியிலிருந்து யாரும் வரவில்லை. தீப்பெட்டி எங்களுடையது, ஓலை எங்களுடையது, ஊற்றிய கையும் எங்களுடையது. ஆகவே இந்தக் கதையை எவரும் எந்த மேடையிலும் சொல்வதில்லை.

அதன் பிறகு கோமளாக்காவுக்கு "வாய்க்காரி" என்று பெயர் விழுந்தது. சில மாதங்களில் அவசரம் அவசரமாக வெல்லாவெளிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். தட்டுகளில் வினாத்தாள்கள் வந்து நிறைந்தன. நான் புலமைப்பரிசிலில் சித்தியடைந்தேன். அதைச் சேர் தன் வெற்றி என்று சொல்லி ஊர்ச் சந்தியில் என் படத்தைப் பெரிதாக்கித் தொங்கவிட்டார். அந்தப் படத்தைக் கடந்து போகும்போதெல்லாம் கிழித்தெறியக் கை துறுதுறுத்தது.

இப்போது நான் கல்குடாப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்த வருடம் வாசிப்பு மாதத்துக்கு எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் சேருக்குப் பொன்னாடை போர்த்தியது. பிள்ளைகள் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள், எவரும் ஒரு கதைப் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று அவர் மேடையில் கவலைப்பட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள். விழாவுக்குப் போயிருந்த நான் பாதியில் எழும்பி எங்கள் பழைய வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் இருந்த அப்பாவிடம், இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டேன்.

"அண்டைக்கு நீங்க ஏன் கைய உயத்தினீங்க?"

எதைக் கேட்கிறேன் என்று அப்பாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "அவர் சேர். நான் தச்சன். நான் எழும்பி என்னத்தப் புள்ள கதைக்கிற?"

அப்பாவோடு எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் தடுக்கி விழுந்தது. ஆனால் அணையவில்லை; தன் வாயைத் திறக்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவரை நம்ப வைத்தவர்கள் பக்கம் அது திரும்பியது.

போன மாதம் கோமளாக்காவைத் தேடி வெல்லாவெளிக்குப் போனேன். வயல் வட்டைக்குள் அறுவடை நடந்துகொண்டிருந்தது. கணவனுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தார். என்னைக் கட்டிப் பிடித்தார், தேத்தண்ணி ஊற்றித் தந்தார், என் பிள்ளைகளை விசாரித்தார். நான் புத்தகங்களைப் பற்றித் தொடங்கியபோது சிரித்துக்கொண்டே கையை வீசினார்.

"விடுகா அதெல்லாம். எனக்கு இப்ப நெல்லும் மாடும் பாக்கவே பொழுது காணாது."

"இப்ப என்ன அக்கா வாசிக்கிறீங்க?"

"நானா? அதுக்குப் பிறகு நான் ஒரு புத்தகத்தையும் தொடல்லியே."

இதை அவர் துக்கமாகச் சொல்லவில்லை. கடைக்குப் போகவில்லை என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். நான் அவருடைய கோபத்தைக் கேட்கப் போயிருந்தேன். அங்கே அது இல்லை. அது எப்போது வற்றியது என்று அவருக்கே தெரியாது.

எரிந்த புத்தகங்களில் பலவற்றை மட்டக்களப்புக் கடைகளிலும் பழைய புத்தகக்காரரிடமும் தேடினால் இன்றும் எடுக்கலாம். கதைக்கும் கவிதைக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவே பிள்ளைகளைக் கை பிடித்துக் கூட்டிப் போன ஒரு வாசகியை எங்கே எடுப்பது? எங்கள் ஊர் அவரைத்தான் எரித்தது. எரித்துவிட்டு, பிள்ளைகள் வாசிப்பதில்லை என்று மேடையில் அழுகிறது. கோமளாக்கா மன்னித்துவிட்டார், அல்லது மறந்துவிட்டார். நான் இரண்டையும் செய்யப் போவதில்லை.