சங்கு ஊதாத மதியம்

எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த கையோடு அழகுமீனாவுக்கு ஆனைக்குட்டத்துக்கு அப்பால் ஒரு பட்டாசு ஆலையில் வேலை கிடைத்தது. வெடிமருந்தைத் தொடாத வேலை என்பதால் சாத்தூரில் அவள் அம்மாவுக்கு நிம்மதி. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. போர்மேன்கள் இடுப்பில் தீப்பொறி எழாத வகை வாக்கி-டாக்கி வைத்திருப்பார்கள். அவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்வதும், ஆபத்து என்றால் மின்சங்கை ஊதி எல்லோரையும் வெளியேற்றுவதும் வாசலோர அறையில் வயர்லெஸ் கருவி முன் உட்கார்ந்திருந்த அவள் பொறுப்பு.

காலையில் ஒவ்வொரு போர்மேனையும் கூப்பிட்டுச் சோதிப்பாள். மருந்து கலக்கும் பகுதி ஆலையின் கடைசி மூலையில், மண்மேட்டுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து போர்மேன் செல்லப்பாண்டியின் குரல் கொஞ்சம் மெலிந்துதான் வரும். ஆனாலும் வரும்.

"கேக்குது தாயி. இங்கன எல்லாம் நல்லாருக்கு."

கோடை முடிகிற சமயத்தில் அவள் அறைக்குப் பின்சுவரில் போர்வெல் மோட்டாருக்குப் புதிதாக ஒரு டிரைவ் பெட்டி மாட்டினார்கள். மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் அது. அதிலிருந்து போன ஒயர் வயர்லெஸ் ஏரியலை ஒட்டியே மேலே ஏறியது. அன்றிலிருந்து மதியம் மோட்டார் ஓடும்போதெல்லாம் வயர்லெஸ்ஸில் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஓயாத இரைச்சல். பக்கத்து ஷெட்டிலிருந்து பேசுகிறவர் குரல் அதை மீறிக் கேட்டுவிடும். செல்லப்பாண்டியின் குரல் பாதி முழுகிவிடும்.

அவள் மேனேஜர் ஸ்ரீராம்குமாரிடம் போய்ச் சொன்னாள். "சார், அந்தப் பெட்டிதான் இரைச்சலைக் கிளப்புது. ஒயருக்கு உறை போட்ட கேபிள் மாத்தணும், இரைச்சலை வடிகட்ட ஒரு பில்டர் வைக்கணும், எர்த் சரியா கொடுக்கணும். ஏரியலை வாட்டர் டேங்க் மேல ஏத்திட்டா இன்னும் நல்லது."

"தீபாவளி லோடு போயிட்டிருக்கும்மா. இப்பப்போயி மோட்டாரை நிறுத்தச் சொல்லுதியா? சீசன் முடியட்டும்."

அடுத்த வாரமும் கேட்டாள். அதே பதில்தான்.

ஒரு நாள் மாலை தூறல் விழுந்தது. மறுநாள் காலைச் சோதனையில் எல்லோர் குரலும் வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பியபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வயர்லெஸ்ஸில் மட்டும் சத்தமே இல்லை. யாரோ கோளாறைச் சரிசெய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். தலைவலி விட்டதுபோல இருந்தது. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஜன்னல் கண்ணாடி நொறுங்கி அவள் மடியில் விழுந்தது. மண்மேட்டுக்குப் பின்னால் வெள்ளைப் புகை எழும்பியது. அப்புறம்தான் அவள் கை சங்கின் பொத்தானைத் தேடியது.

செல்லப்பாண்டியும் அடுத்த அறையில் இருந்த நான்கு பேரும் அங்கேயே போய்விட்டார்கள். நாகஜோதி என்ற பெண்ணை மட்டும் உயிரோடு தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அழகுமீனா போய் நின்றபோது, கட்டுகளுக்கு நடுவே அவள் கண் திறந்திருந்தது.

"ஏன் தாயி சங்கு ஊதல? தூறல்ல ஈரமான மருந்து புகையுதுன்னு செல்லப்பாண்டி அண்ணாச்சி கூப்பிட்டாகளே. கூப்பிட்டுக்கிட்டே என்னய வெளிய தள்ளுனாக. சங்கு ஊதியிருந்தா அடுத்த ரூம்காரியளும் ஓடியிருப்பாளுக."

"எனக்குக் கேக்கலக்கா."

நாகஜோதி போலீசாருக்கு வாக்குமூலம் கொடுக்கும் முன்பே இறந்துபோனாள்.

ஆலைக்குத் திரும்பிய அழகுமீனா வயர்லெஸ்ஸைப் பார்த்தாள். இரைச்சலை அடக்கும் திருகு கடைசி வரை முறுக்கப்பட்டிருந்தது. அப்படி முறுக்கினால் இரைச்சலோடு சேர்த்து மெலிந்த குரலையும் கருவி வெளியே விடாது. திருகை இறக்கி, மோட்டாரைப் போட்டாள். பழைய இரைச்சல் அறை முழுக்கக் கொட்டியது. வாசல் காவலர் மணிமுத்துவிடம் கேட்டாள்.

"மதியம் நீ சாப்பிடப் போனப்ப மேனேஜர்தான் வந்தாரு. ஆர்டர் பேச வந்த பார்ட்டிக்கு இந்தச் சத்தம் எரிச்சலா இருக்குன்னு என்னத்தையோ திருகிட்டுப் போனாரு."

ஊரில் வேறு பேச்சு கிளம்பிவிட்டது. போர்மேன் அசந்துவிட்டார், ஆபத்து தெரிந்தும் தகவல் சொல்லவில்லை என்றார்கள். கம்பெனியும் விசாரணையில் அதையே சொன்னது. ஸ்ரீராம்குமார் அவளைக் கூப்பிட்டு, "போர்மேன்கிட்டருந்து கால் எதுவும் வரலன்னு மட்டும் சொல்லு. அது உண்மைதான?" என்றார்.

அவள் செல்லப்பாண்டியின் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி மாரித்தாய் வாசலில் நின்றபடியே கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு கூப்பிடவே இல்லங்காக. நெசமா?"

"கூப்பிட்டாகக்கா. என் அறையில சத்தத்தை அடக்கி வச்சிருந்தாக. எனக்கு எட்டல."

மாரித்தாய் அவள் முகத்தையே பார்த்தாள். "இத அதிகாரிக முன்னால சொல்லுவியா?"

சொன்னாள். திருகு, டிரைவ் பெட்டி, தான் கேட்டும் கிடைக்காத கேபிள் எல்லாவற்றையும் சொன்னாள். மணிமுத்து அன்று சாட்சி சொல்ல வரவில்லை. வேலை போய்விடும் என்று பயம். அழைப்பு வந்ததா என்பதை உறுதி செய்ய இயலவில்லை என்று அறிக்கையில் எழுதினார்கள். மேனேஜரைக் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. மறுவருஷமே ஆலை வேறு பெயரில் திறந்தது. மதுரையிலிருந்து ஆள் வந்து கேபிளை மாற்றி, பில்டர் வைத்து, ஏரியலை டேங்க் மேல் ஏற்றினாராம். இப்போது கடைசி மூலையிலிருந்தும் குரல் தெளிவாக வருகிறதாம்.

அழகுமீனாவை மறுபடி எந்த ஆலையும் எடுக்கவில்லை. சாத்தூரில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் பார்க்கிறாள்.

போன ஆடியில் இருக்கன்குடி கோயிலிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கூட்டம் நெரித்தது. ஜன்னலோரம் இருந்த மாரித்தாய் அவளைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். பஸ் பாதி வழி வந்திருந்தது.

"எம்புட்டு நேரம் கூப்பிட்டிருப்பாரு?" என்றாள் மாரித்தாய்.

"தெரியலக்கா."

மாரித்தாய் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே பார்த்தாள். சாத்தூர் வந்ததும் இருவரும் இறங்கி அவரவர் வழியில் போனார்கள்.